மருத்துவிச்சியும் மலையகத் தாயும்

அரசர்கள் பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் நமது சரித்திர நூல்கள் தவறாது குறித்து வைத்துள்ளன. அவர்களைத் தாய்வயிற்றினின்றும் ஏந்தியெடுத்த கைகள் யாருடையவை என்பதை அந்நூல்கள் கூறுவதில்லை. கோட்டை கட்டியவன் பெயர் கல்லில் நிற்கின்றது. தொப்புட்கொடி அறுத்தவள் பெயர் காற்றோடு போயிற்று. மக்களின் வரலாறு எழுதப்பட வேண்டும் என்று கூறும் நாம், அந்தக் கைகளின் வரலாற்றையும் எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

இலங்கையைப் பொறுத்தவரை இக்கடமை மேலும் முக்கியமானது. 1930களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அதாவது, ஏறத்தாழ ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய் பலியானாள். இந்நூற்றாண்டிலோ அத்தொகை சில பத்துக்களாகச் சுருங்கியுள்ளது. செல்வத்தில் நம்மிலும் பன்மடங்கு மேலான நாடுகள் பல நீண்ட காலம் முயன்று அடைந்த நிலையை இச்சிறு நாடு குறைந்த செலவில், ஓரிரு தலைமுறைக்குள் எட்டியது. உலக அறிஞர்கள் இதனை வியந்து எழுதியுள்ளனர். அவர்கள் காட்டும் காரணங்களுள் முதன்மையான ஒன்று, பயிற்றப்பட்ட மருத்துவிச்சிமார் ஊர்தோறும் சென்றடைந்தமையாகும்.

ஆனால், ஊர்தோறும் என்ற சொல்லுக்குள் எந்த ஊர்கள் அடங்கின, எவை அடங்காது விடப்பட்டன என்று கேட்பதுதான் சரித்திர மாணவனின் வேலை. ஒருகொடவத்தை என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'வத்தை' என்பது தோட்டம் என்று பொருள்படும் சிங்களச் சொல். கொழும்பின் இந்த வடகிழக்கு எல்லையில், எண்ணெய்க் குதங்களுக்கும் பண்டகசாலைகளுக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் குடியிருப்புகளையும் நாம் தமிழில் 'தோட்டம்' என்றே அழைக்கின்றோம். மலைநாட்டில் தேயிலை விளையும் நிலத்துக்கும் அதே பெயர். ஓரிடத்துத் தோட்டத்தில் பூவும் இல்லை, காயும் இல்லை. மற்ற இடத்துத் தோட்டத்தில் விளைவது உழைப்பவனுக்குச் சொந்தமில்லை. இவ்விரு தோட்டங்களுக்கும் மருத்துவிச்சி எவ்வாறு வந்தாள், எவ்வளவு பிந்தி வந்தாள், எந்த மொழி பேசி வந்தாள் என்பதை ஒப்பிட்டால், நமது சுகாதாரப் பெருமையின் ஒளிப்பக்கமும் இருட்பக்கமும் ஒருசேரத் தெரியும்.

பழைய சமுதாயத்தில் மகப்பேறு பெண்களின் காரியமாக மட்டும் இருக்கவில்லை. சாதியின் காரியமாகவும் இருந்தது. யாழ்ப்பாணத்திலே பிள்ளைப்பேறு 'துடக்கு' எனப்பட்டது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை பிரசவித்தவள் தீண்டத்தகாதவள் போன்று ஒதுக்கப்பட்டாள். கொடியறுக்கும் வேலையும், இரத்தம் தோய்ந்த துணி வெளுக்கும் வேலையும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் தலையிற் சுமத்தப்பட்டன. ஊரின் உயிரெல்லாம் யார் கையில் முதலில் வந்து வீழ்ந்ததோ, அவளுக்கு அவ்வூரின் கிணற்றிலே உரிமையில்லை. அவளுடைய கைப்பழக்கமும் அனுபவமும் பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. எனினும் கிருமி பற்றிய அறிவு அன்று எவருக்குமே இல்லாதிருந்தமையால், பிரசவத்தின்பின் வரும் சன்னியும் பச்சிளங் குழந்தைகளின் ஏற்புவலியும் விதியின் செயல்களாகவே கொள்ளப்பட்டன. சிங்களக் கிராமங்களில் 'வின்னம்புவ' என்று அழைக்கப்பட்ட மூதாட்டியும் இவ்வாறே ஏட்டறிவின்றித் தொழில் செய்தவள்தான்.

நவீன பிரசவ வைத்தியம் இந்நாட்டிலே தமிழ்மொழியில் மிக முன்பாகவே அச்சேறியது என்பதைப் பலர் அறியார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்தார். மாணவர் ஆங்கிலத்தில் அன்றித் தாய்மொழியிலே வைத்தியம் பயின்றாற்றான் மக்களிடம் திரும்பிச் செல்வர் என்பது அவர் கொள்கை. ஆங்கிலம் கற்ற வைத்தியர் உத்தியோகம் தேடி அகன்றுவிடுவதை அவர் கண்டிருந்தார். ஆகவே மேனாட்டு நூல்களைத் தமிழாக்கும் பெரும்பணியை மேற்கொண்டார். அவ்வரிசையில் மோன்செல் என்பாரின் பிரசவ வைத்திய நூல் 1857இல் தமிழில் வெளிவந்தது. கொழும்பிலே முதலாவது பிரசவ விடுதி திறக்கப்படுவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னரே, கருப்பையின் அமைப்பும் குழந்தை வெளிப்படும் முறையும் தமிழெழுத்தில் விளக்கப்பட்டுவிட்டன.

ஆயினும் இதில் ஒரு முரண்பாடு உண்டு. கிறீனிடம் பயின்று வைத்தியராய் வெளியேறியோர் ஆடவர். அக்காலத்துக் குடும்பங்களிலே பிரசவ அறையின் வாயிலை ஆண் வைத்தியர் மிதிப்பது எளிதன்று. நூலைப் படித்தவன் உள்ளே நுழைய முடியவில்லை. உள்ளே நின்றவள் நூலைப் படிக்க முடியவில்லை. அறிவு ஒருபுறமும் அதைப் பயன்படுத்த வேண்டிய கை மறுபுறமுமாகப் பிரிந்து கிடந்தன. எழுத்தறிந்த பெண்ணொருத்தி மருத்துவிச்சியாக வேண்டும் என்ற தேவை இந்த இடைவெளியிலேதான் பிறந்தது. 1898இல் இணுவிலிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்று அமெரிக்க மிஷன் நிறுவிய மக்கிளியோட் வைத்தியசாலை, தமிழ்ப் பெண்களைத் தாதியராகவும் மருத்துவிச்சிமாராகவும் பயிற்றி அவ்விடைவெளியை ஓரளவு நிரப்பிற்று. சம்பளமும் சீருடையும் கிடைத்ததும், முன்னர் தீட்டெனக் கருதப்பட்ட தொழில் மெல்லமெல்ல மதிப்புப் பெறலாயிற்று. ஆனால் அதுவரை அத்தொழிலைச் சுமந்த சாதிப் பெண்களுக்குப் பள்ளிக்கூடக் கதவு திறந்திருக்கவில்லை. ஆதலால் மதிப்பு வந்தபோது தொழில் அவர்களை விட்டு அகன்றது. முன்னேற்றம் என்று நாம் புகழும் பல மாற்றங்களுக்கு உள்ளே இத்தகைய இழப்புகளும் இருக்கின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

கொழும்பின் கதை வேறுவகையானது. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்னும் செல்வந்தரின் நன்கொடையால் 1879இல் டி சொய்சா பிரசவ விடுதி நிறுவப்பட்டது. மருத்துவிச்சிமாருக்கான ஒழுங்கான பயிற்சி அங்கேதான் வேரூன்றியது. துறைமுகம் பெருக, உழைப்பாளர் நகரில் வந்து குவிந்தனர். சேரிகளில் குழந்தைகள் ஈக்களைப்போல் மடிந்தன. நகரசபை சுகாதாரப் பகுதியை அமைத்து, 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே பயிற்றப்பட்ட மருத்துவிச்சிமாரை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 1921இல் டி சொய்சா விடுதியிலே கர்ப்பிணிகளுக்கான சிகிச்சை நிலையம் ஆரம்பமாயிற்று. கொள்ளைநோய்க்குச் சேரியென்றும் மாளிகையென்றும் பேதமில்லை. ஆகையால் கருணையோடு பயமும் சேர்ந்து நகராட்சியை இயக்கியது எனலாம். காரணம் எதுவாயினும், கொழும்புத் தோட்டத்து ஏழைத்தாய்க்கு அரசாங்கச் சம்பளம் பெறும் ஒரு மருத்துவிச்சி கிடைத்தாள். முறைப்பாடு செய்வதற்கு நகரசபை இருந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின் அந்த முறைப்பாட்டுக்கு வலிமையும் இருந்தது.

இக்காலக் கொழும்பிலே டாக்டர் மேரி இரத்தினத்தின் பெயரை நன்றியோடு குறிப்பிட வேண்டும். கனடாவில் பிறந்து, 1896இல் மிஷன் வைத்தியராக இலங்கை வந்து, தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்த இவ்வம்மையார், பெண்களின் வைத்தியத்தையும் பெண்களின் உரிமையையும் ஒன்றாகவே கண்டவர். பெண்கள் வாக்குரிமைக்காகவும், கிராமப் பெண்களின் மகளிர் சங்கங்களுக்காகவும், குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவும் உழைத்தவர். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவுசெய்யப்பட்டார். நோயாளியை மட்டும் பார்த்தாற் போதாது, நோய்தரும் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்ற நோக்கு அவருடைய பணிகள் அனைத்திலும் ஊடுருவி நிற்கின்றது.

இனி மலைநாட்டுக்குச் செல்வோம். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் என்று தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், 10 அடிக்கு 12 அடி அளவான லயன் காம்பிராக்களில் அடைக்கப்பட்டனர். பிரித்தானிய ஆட்சி இவர்களுடைய உடல்நலத்தைச் சட்டங்களால் ஒழுங்குபடுத்தத் தவறவில்லை. 1872 முதற்கொண்டே தோட்டங்களுக்கான வைத்திய சட்டங்கள் இயற்றப்பட்டன. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் நோய்ச் சட்டம், தோட்டத்திற் பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் கொடுக்க வேண்டும் என்றும், வைத்தியர் தகுதி கூறினாலன்றி அக்காலத்தில் வேலை வாங்கலாகாது என்றும் விதித்தது. வெளிப்பார்வைக்கு இச்சட்டங்கள் கிராமத்து விவசாயிக்கு அன்று கிடையாத சலுகைகளாகவே தோன்றும்.

ஆனால் அச்சலுகையின் உள்ளடக்கம் என்ன? சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு தோட்டத் துரையிடமே ஒப்படைக்கப்பட்டது. மருந்துக்காரர் துரையின் ஊழியர். மருத்துவிச்சி வைக்கப்பட்டால் அவளும் துரையின் ஊழியள். தொழிலாளியின் உடல், கொழுந்து பறிக்கும் கருவி என்ற அளவில் பேணப்பட்டது. கருவி பழுதுபடாமல் இருக்க வேண்டிய அளவுக்கு மேலாக அதில் ஒரு சதமும் செலவிடத் தேவையில்லை என்பது முதலாளித்துவக் கணக்கு. 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, தோட்டமக்களின் பெரும்பகுதியினர் அப்புழுவுக்கு ஆளாகியிருந்தமை வெளிப்பட்டது. கக்கூசு இல்லாத லயங்களைச் சுற்றி, செருப்பில்லாத பாதங்களின் வழியே உடம்பில் ஏறும் அப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றது. இரத்தசோகையுற்ற கர்ப்பிணிக்குப் பிரசவத்தின்போது சிறிது உதிரம் மிகுதியாகப் போனாலும் உயிர் தங்காது. எனவே மலையகத் தாயின் மரணம் பிரசவ அறையிலே தொடங்கவில்லை. கக்கூசும் செருப்பும் இல்லாத அவளது குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது.

தீவின் ஏனைய பகுதிகளிலே 1926இல் ஒரு புதுவழி திறக்கப்பட்டது. களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர், தாதி, மருத்துவிச்சி ஆகியோர் ஓர் அணியாக நின்று, நோய் வருமுன் வீட்டுக்குச் செல்வதே இம்முறையின் சாரம். பிள்ளை பெறும்போது மட்டுமன்றி, கருவுற்ற நாள் முதலாகவும் பெற்றபின் குழந்தை வளரும்வரையும் மருத்துவிச்சி வந்து பார்த்தாள். கால் வீங்கியிருக்கின்றதா, கண் வெளிறியிருக்கின்றதா, குழந்தை குறுக்கே கிடக்கின்றதா என்று வேளைக்கே அறிந்து வைத்தியசாலைக்கு அனுப்பினாள். மருத்துவிச்சிமாரைப் பதிவுசெய்வதற்கு 1927ஆம் ஆண்டின் வைத்திய சட்டம் இடமளித்தது. 1934-35இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற மலேரியாக் கொள்ளைநோயும், அப்போது சூரியமல் இயக்கத்தினரான இடதுசாரி இளைஞர் கிராமங்களிலே செய்த நிவாரணப் பணியும், சுகாதாரத்தை அரசியற் கோரிக்கையாக மாற்றின. வாக்குரிமை பெற்ற கிராமம் வைத்தியசாலை கேட்டது, கேட்டுப் பெற்றது. 1945இல் இலவசக் கல்வி வந்தது; அதன் விளைவாகத் தாய்மொழியிற் படித்த கிராமத்துப் பெண்பிள்ளைகள் பெருந்தொகையாகப் பயிற்சிக்குச் சென்று, மீண்டும் கிராமங்களுக்கே மருத்துவிச்சிமாராக வந்தனர்.

இக்கடைசிச் செய்தியைச் சற்று நின்று நோக்குவோம். பயிற்சி ஒன்றினாலேயே அவர்கள் வெற்றி பெறவில்லை. அவர்கள் கிராமத்தின் மொழியைப் பேசினர். அதன் நம்பிக்கைகளையும் அச்சங்களையும் அறிந்திருந்தனர். மாமியாரிடம் எதைச் சொல்லலாம், மருமகளிடம் எதைத் தனியே கேட்க வேண்டும் என்ற நுட்பம் அவர்களுக்குப் பாடப்புத்தகத்திலிருந்து வந்ததன்று. கிராமம் தன் மகளையே தனக்கு மருத்துவிச்சியாகப் பெற்றது. இலங்கையின் 'அற்புதம்' என்று சொல்லப்படுவதன் இரகசியம் இதுதான்.

1946க்கும் 1947க்கும் இடையே ஒரே ஆண்டில் குழந்தை மரணம் ஆயிரத்துக்கு 141இலிருந்து 101 ஆகவும், தாய்மரணம் ஆயிரத்துக்கு 15.5இலிருந்து 10.6 ஆகவும் வீழ்ந்தன. டி.டி.ரி. தெளித்து மலேரியாவை அடக்கியமை இதற்கு ஒரு காரணம். சுகாதாரப் பிரிவுகள், வைத்தியசாலைகள், உணவுப் பங்கீடு ஆகியவை ஏனைய காரணங்கள். இவற்றுள் டி.டி.ரி. கொடுத்த நன்மை, மலேரியா அரிதான உயர்மலைத் தோட்டங்களுக்குச் சிறிதளவே கிட்டியிருக்க முடியும். அங்கே தாயைக் காக்க வேண்டியவை உணவும் மருத்துவிச்சியும். அவ்வேளையிற்றான் சுதந்திரம் வந்தது. சுதந்திரத்தோடு குடியுரிமைச் சட்டமும் வந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையக மக்களுட் பெரும்பாலாரை ஒரே வீச்சில் நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. இதனைத் தேர்தற் கணக்காக மட்டுமே பலர் எழுதியுள்ளனர். பிரசவ அறையின் பக்கமாக நின்று நோக்கினால் இதன் கொடுமை மேலும் துலங்கும். வாக்கில்லாதவன் வைத்தியசாலை கேட்க முடியாது. குடியுரிமை இல்லாதவள் அரசாங்க உத்தியோகம் பெற முடியாது. எனவே அரசாங்க மருத்துவிச்சியாகவும் முடியாது. கிராமம் தன் மகளை மருத்துவிச்சியாகப் பெற்ற அதே ஆண்டுகளில், தோட்டம் தன் மகளை அவ்வாறு பெறும் வழி சட்டத்தால் அடைக்கப்பட்டது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானபோது அடைத்த கதவுக்குப் பூட்டும் இடப்பட்டது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 300,000 பேரை இங்கே ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் மனிதரைச் சாக்குமூட்டைகளாகப் பங்கிட்டது. நாளை எந்த நாட்டில் இருப்போம் என்று அறியாத பெண்பிள்ளைக்கு எந்தத் தொழிலில் யார் பயிற்சியளிப்பர்?

விளைவு எண்களில் தெரிந்தது. 1930களில் தோட்டங்களின் குழந்தை மரண விகிதம் நாட்டின் பொதுவிகிதத்திலிருந்து பெரிதும் விலகியிருக்கவில்லை. பின்னைய பத்தாண்டுகளில் நாடு வேகமாக முன்னேற, தோட்டம் பின்தங்கியது. 1970களின் முற்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டக் குழந்தைகளின் மரண விகிதம் தேசிய விகிதத்தின் இருமடங்கைத் தாண்டியது. ஆகவே மலையகத்தின் பின்னடைவைப் பழமையின் எச்சம் என்று கூறுவது பொருந்தாது. அது சுதந்திர இலங்கையில், சட்டத்தின் துணையோடு உண்டாக்கப்பட்டது.

1972லும் 1975லும் இயற்றப்பட்ட காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அதன்பின் சுகாதாரத் திணைக்களத்தின் பார்வை தோட்டங்கள்மீது மெல்லத் திரும்பிற்று. 1992இல் தோட்டங்கள் மீண்டும் கம்பனிகளிடம் சென்றன. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் முடிவு 1990களில் எடுக்கப்பட்டுப் படிப்படியாக, மிக மெதுவாக, நிறைவேற்றப்பட்டு வந்துள்ளது. குடியுரிமைப் பிரச்சினையை 1988லும் 2003லும் இயற்றப்பட்ட சட்டங்கள் தீர்த்துவைத்தன. 1987இன் அரசியற் சட்டத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இன்று மலையகத் தாய்மாருட் பெரும்பாலார் வைத்தியசாலையிலேயே பிரசவிக்கின்றனர். இவை சிறு சாதனைகளல்ல. தொழிற்சங்கங்களும் மக்கள் இயக்கங்களும் போராடிப் பெற்ற பயன்கள் இவற்றுட் பல.

எனினும் சட்டம் திறந்த கதவால் எத்தனை பேர் நுழைந்துள்ளனர்? குடும்பநல மருத்துவமாது ஒருவர் ஏறத்தாழ 3,000 மக்களுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது நியமம். அவருக்கு ஒன்றரை ஆண்டுக் காலப் பயிற்சி உண்டு. அப்பயிற்சிக்குச் சேர உயர்தரக் கல்வி வேண்டும். மலையகப் பாடசாலைகளோ 1970களில்தான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கும் உயர்தர வகுப்புகள் அங்கே நெடுங்காலம் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்தன. தமிழ்மூலப் பயிற்சியும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய நிலையங்களையே பெரிதும் சார்ந்திருந்தது. அப்பிரதேசங்களே மூன்று தசாப்த யுத்தத்தில் நொந்து, தமக்கு வேண்டிய மருத்துவமாதரின்றித் தவித்தன. ஆதலால் தமிழறியாத மருத்துவமாது சிங்களமறியாத தாயைப் பார்க்கும் நிலை மலைநாட்டில் இன்றும் முற்றாக நீங்கவில்லை.

மொழி தெரியாமை சிறிய இடையூறன்று. 'தலை சுற்றுகின்றது', 'கண் மங்குகின்றது', 'பிள்ளை துடிப்பது குறைந்திருக்கின்றது' என்ற மூன்று வாக்கியங்களும் மூன்று வெவ்வேறு ஆபத்துகளின் முன்னறிவிப்பு. இரத்த அழுத்தம் ஏறிச் சன்னி காணப்போகும் பெண், அதைச் சொல்லும் முதற்சொல் தலைவலி. அச்சொல் விளங்காவிடின் கருவிகள் பல இருந்தும் நேரம் தப்பிவிடும். கணவனோ பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையோ இடையே நின்று மொழிபெயர்த்தால், பெண் தன் உடலைப்பற்றி வாய்திறக்கக் கூசுவாள். கருத்தடை விடயத்தில் இது இன்னும் பாரதூரமானது. 1980இல் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் முறை புகுத்தப்பட்டபின் தோட்டப் பெண்களிடையே அச்சிகிச்சை பெருகிற்று. தன் மொழியில் விளக்கம் பெறாமல் வறுமையில் வைத்த கைநாட்டைச் சம்மதம் என்று கொள்ள முடியுமா?

இங்கே ஒரு கேள்வி எழலாம். திறமைதானே வேண்டும், மருத்துவிச்சியின் இனத்தையும் மொழியையும் ஏன் பார்க்க வேண்டும் என்று சிலர் கேட்பர். இக்கேள்வியை நாம் இலேசாக ஒதுக்கவில்லை. கொட்டும் மழையில் லயத்துப் படிகளேறித் தமிழ்த் தாயின் உயிர் காத்த சிங்கள மருத்துவமாதர் எண்ணற்றோர். தோட்டத்தில் வேலைசெய்து தமிழைச் சரளமாகக் கற்றுக்கொண்டோரும் அவர்களுள் உளர். அவர்களுக்கு நம் நன்றி உரியது. மறுபுறம், தமிழ் பேசுபவர் என்பதாலேயே ஒருவர் தோட்டப் பெண்ணை மதிப்பார் என்பதும் இல்லை. சாதித்தடிப்பும் படித்த வகுப்பின் அலட்சியமும் தமிழிலும் பேசத் தெரிந்தவை. எனவே நாம் கேட்பது இனத்துக்கு இனம் மருத்துவிச்சி என்ற பிரிவினையன்று. எந்த மக்கள் திரளிலிருந்து நோயாளிகள் வருகின்றார்களோ, அதே திரளிலிருந்து மருத்துவமாதரும் வர வேண்டும் என்பதே. திறமை எங்கும் பிறக்கின்றது. பயிற்சி மட்டும் சில இடங்களிலே நின்றுவிடுகின்றது. கிராமத்துக்கு 1940களில் நாடு செய்ததைத் தோட்டத்துக்கும் செய்ய வேண்டும் என்பதற்கு மேலாக நாம் எதனையும் கேட்கவில்லை.

இப்பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மாநிலங்களிலே நெடுங்காலம் கறுப்பினத் தாய்மாருக்கும் ஏழை வெள்ளையருக்கும் பிரசவம் பார்த்தவர்கள் கறுப்பினப் பாட்டிமாரான மருத்துவிச்சிகள். 20ஆம் நூற்றாண்டிலே சுகாதார அதிகாரிகள் அவர்களைக் கட்டுப்படுத்திப் படிப்படியாக அகற்றினர். அவர்களுடைய பெண்மக்களைப் பயிற்றி அவ்விடத்தில் அமர்த்தும் அக்கறை போதிய அளவு காட்டப்படவில்லை. இன்று உலகின் பெருஞ்செல்வ நாடான அங்கே, கறுப்பினத் தாய்மாரின் மரண விகிதம் வெள்ளையரினதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பணமும் கருவியும் இருந்தும் சமத்துவம் இல்லாவிடின் என்ன நிகழும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நமது நாட்டிலே மரணம் குறைந்துள்ளது, ஏற்றத்தாழ்வு மறையவில்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் நூற்றுக்கு 32 பேர். தாயின் இரத்தசோகையும் அவளது அரைப்பட்டினியும் குழந்தையின் எலும்பில் எழுதப்படுகின்றன. சிகிச்சை நிலையத்துக்குப் போகும் நாளில் அரைப்பேரும் இழக்க நேரும் பெண்ணுக்கு, 'முட்டை தின், பால் குடி' என்று அறிவுரை கூறுவது ஏளனமாகவே முடியும். மருத்துவமாது தனியே வறுமையை ஒழித்துவிட மாட்டாள் என்பதை நாம் அறிவோம். கூலி, வீடு, காணி ஆகியவற்றின் போராட்டத்தோடு இணையாத சுகாதாரத் திட்டம் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். ஆயினும் அவ்வறுமையை நேரிற் கண்டு, அளந்து, பதிவுசெய்து, மேலிடத்துக்கு அறிவிக்கும் கண் அவளுடையது. அக்கண் லயத்தைத் தன் வீடாக அறிந்த கண்ணாக இருப்பின் அதற்குத் தெரிவதும் மிகுதி. அது பொறுத்துக்கொள்வதும் குறைவு.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. தோட்டப் பகுதிகளிலும், ஒருகொடவத்தை போன்ற நகரத் தோட்டங்களிலும் வாழும் பெண்பிள்ளைகளுக்கு மருத்துவமாதர் பயிற்சியில் போதிய இடம் ஒதுக்கப்பட வேண்டும். தகுதி குறைக்கப்பட வேண்டியதில்லை. அத்தகுதியை எட்டுவதற்கான ஆயத்த வகுப்பும் உதவிச் சம்பளமும் வேண்டும். மலைநாட்டிலேயே தமிழ்மூலப் பயிற்சி போதிய அளவில் நடைபெற வேண்டும். சிங்கள மாணவியருக்குத் தமிழும், தமிழ் மாணவியருக்குச் சிங்களமும் பேச்சளவிலேனும் கற்பிக்கப்பட வேண்டும். கம்பனிகளின் ஊழியராக இருக்கும் தோட்ட மருத்துவமாதர், அரசாங்க மருத்துவமாதருக்குச் சமமான பயிற்சியும் சம்பளமும் பாதுகாப்பும் பெற வேண்டும். துரையிடம் சம்பளம் வாங்கும் ஒருத்தி துரையின் குறையை அறிக்கையில் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

இவற்றுள் அரசாங்கம் செய்ய வேண்டியவை பல. ஆனால் முதற்படி வகுப்பறையிலே இருக்கின்றது. மலையகப் பாடசாலை ஒன்றில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்படும் பெண்பிள்ளையை உயர்தர வகுப்புவரை கொண்டுசெல்லும் ஆசிரியர், தாம் அறியாமலே பல தாய்மாரின் உயிரைக் காக்கின்றார். விஞ்ஞான பாடத்தைத் தமிழில் தெளிவாக எழுதித் தரும் மாணவர், 1857இல் மானிப்பாயில் தொடங்கிய பணியைத் தொடர்கின்றார். அன்று நூல் இருந்தது, அதைப் படித்து உள்ளே செல்லும் பெண் இல்லை. இன்று படிக்க விரும்பும் பெண் லயந்தோறும் இருக்கின்றாள். அவளுக்கும் பயிற்சி நிலையத்தின் வாயிலுக்கும் இடையே கிடக்கும் தூரம் சட்டங்களாலும் அலட்சியத்தாலும் உண்டாக்கப்பட்டது. மனிதர் உண்டாக்கிய தூரத்தை மனிதரே நடந்து கடக்கலாம். ஆசிரியர்களும் மாணவர்களும் அந்நடையைத் தொடங்க வேண்டும்.